நூல் முடிக்கும் வைபவம்

அமெரிக்க தேசத்திலே ஜூன் மாதம் பிறந்துவிட்டால், பள்ளிக்கூடங்கள் யாவும் அவ்வாண்டின் பணியை ஒருவாறு நிறைவு செய்து, கோடை விடுமுறைக்காகக் கதவடைக்க ஆயத்தமாகின்றன. அந்நாட்டு யூத மக்கள் தங்கள் குழந்தைகளுக்கென நடத்திவரும் பகற்பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. எபிரேய மொழியும் வேதமும் ஒரு பாதி, கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் மறு பாதி என்று, இருவகைக் கல்வியையும் ஒரே கூரையின்கீழ் ஒரே பகலில் ஊட்டும் இப்பள்ளிகளை 2018-19ஆம் கல்வியாண்டில் கணக்கெடுத்தபோது அவை 906 ஆக இருந்தன; அவற்றில் பயின்ற பிள்ளைகளோ ஏறத்தாழ 2,92,000 பேர். இவர்களுள் பெரும்பாலோர் நியூயார்க், நியூஜெர்சி ஆகிய இரண்டு மாநிலங்களில் வாழ்பவர்கள். ஐரோப்பாவில் யூதக் கல்விச்சாலைகள் அவற்றின் உபாத்தியாயர்களோடும் மாணாக்கர்களோடும் ஊர் ஊராக அழிக்கப்பட்டுக்கொண்டிருந்த 1944ஆம் ஆண்டிலேதான், அமெரிக்க நகரங்கள்தோறும் இத்தகைய பள்ளிகளை நிறுவுவதற்கென்றே தோரா உமெசோரா என்னும் சங்கம் தோன்றியது என்பதை நினைக்கும்போது, இப்பள்ளிகளில் நடைபெறும் ஒரு சிறு விழாவைக்கூட வெறும் கேளிக்கையாகக் கருத மனம் வருவதில்லை.

இப்பள்ளிகளின் ஆண்டிறுதியிலே, ஒரு பழமையான விழாவும் ஒரு புதிய விழாவும் பெரும்பாலும் ஒரே மண்டபத்தில், சில வார இடைவெளியில் நடைபெறுகின்றன. பழையது, ஒரு நூலைக் கையில் ஏற்றதற்காக அல்லது கற்று முடித்ததற்காக எடுக்கப்படுவது. புதியது, மாணவன் தேர்ந்து வெளியேறுவதற்காக எடுக்கப்படுவது. இவ்விரண்டில் பழையதே தலைமை பெறவேண்டும் என்பதும், அது மெல்ல மெல்லப் பின்னிடத்துக்குத் தள்ளப்படுமானால் யூதர்களுக்கு மட்டுமன்றிக் கல்வியில் அக்கறையுள்ள யாவருக்குமே அது நஷ்டம் என்பதும் என் துணிபு.

பஸ்கா பண்டிகையின் இரண்டாம் நாள் தொடங்கி நாற்பத்தொன்பது நாட்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஐம்பதாம் நாளில், சீனாய் மலையில் வேதம் அருளப்பட்டதை நினைவுகூரும் வாரங்களின் பண்டிகையைக் கொண்டாடுவது யூதர்களின் தொன்றுதொட்ட வழக்கம். மே மாதத்தின் இடையிலோ ஜூன் தொடக்கத்திலோ அப்பண்டிகை வந்து வாய்ப்பதால், பள்ளியாண்டின் கடைசி வாரங்கள் அந்த எண்ணிக்கையோடு சேர்ந்தே நகர்கின்றன. இடையில் இஸ்ரேலின் சுதந்திர தினமும் வருகிறது. அதை ஊர்வலத்தோடும் கொடியோடும் கொண்டாடும் பள்ளிகளும் உண்டு, ஒதுங்கி நிற்கும் பள்ளிகளும் உண்டு. அதனினும் என் மனத்தைக் கவர்வது முப்பத்துமூன்றாம் நாளாகிய லாக் பா ஓமர்.

அன்று பிள்ளைகள் வகுப்பறையை விட்டுத் திறந்த வெளிக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள். ஓட்டப் பந்தயமும் கயிறு இழுத்தலும் நடக்கின்றன. சிறுவர்கள் வில்லும் அம்பும் ஏந்தி விளையாடுகிறார்கள். மாலையில் தீ மூட்டி அதைச் சுற்றிப் பாடுகிறார்கள். இத்தனை ஆனந்தத்துக்கும் பின்னால் நிற்பது ஒரு துக்கம். ரபி அகீவா என்ற பேராசானிடம் பயின்ற இருபத்துநாலாயிரம் மாணாக்கர்கள் இந்நாட்களில் மாண்டுபோனார்கள் என்றும், அவர்கள் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டாமையே அதற்குக் காரணம் என்றும், யூதர்களின் பழைய சட்ட, போதனைத் தொகுப்பாகிய தல்மூத் கூறுகிறது; அச்சாவு இந்நாளில் ஓய்ந்தது என்பது பரம்பரை வழக்கு. கல்வியில் குறைந்தவர்கள் என்றோ, பக்தியில் தளர்ந்தவர்கள் என்றோ அவர்களைக் குற்றம் சாட்டாமல், உடன் பயின்றவனை மதிக்கத் தவறியவர்கள் என்று குற்றம் சாட்டிய அந்தப் பழைய ஆசிரியர்களின் உள்ளம் எவ்வளவு நுட்பமானது! அகீவாவோ, நாற்பது வயது வரையில் எழுத்தறியாதவராயிருந்து, தம் சிறு மகனோடு ஒரு பாலர் உபாத்தியாயரிடம் போய், எழுத்துப் பலகையின் ஒரு முனையைத் தாமும் மறு முனையை மகனுமாகப் பிடித்துக்கொண்டு அரிச்சுவடி கற்றவர். அத்தனை ஆயிரம் மாணாக்கரையும் இழந்த பின்னர், தெற்கே சென்று ஐந்தே பேரை வைத்துக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து பாடம் தொடங்கியவரும் அவரே. பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு விழாவுக்கு இவரைக் காட்டிலும் தகுந்த தலைவர் வேறு யார் கிடைப்பார்?

ஆண்டின் பிற்பகுதியில் பல பள்ளிகள் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரார்த்தனைப் புத்தகம் வழங்கும் விழாவை நடத்துகின்றன. விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன், பிள்ளைகள் அறியாதபடி பெற்றோர்களை ஒரு மாலையில் பள்ளிக்கு வரவழைத்து, அவரவர் பிள்ளைக்குரிய புத்தகத்துக்கு அவரவரே மேலட்டை அமைக்கும்படி செய்கிறார்கள். பகலெல்லாம் அலுவலகத்திலோ கடையிலோ உழைத்துவிட்டு வந்த தகப்பனார், குழந்தைகள் உட்காரும் சின்னஞ்சிறு நாற்காலியிலே முழங்கால் மேசையில் இடிக்க அமர்ந்து, வண்ணத் துணியை வெட்டி, பசை தடவி, மகளின் எபிரேயப் பெயரை எழுத்து எழுத்தாக ஒட்டிக்கொண்டிருப்பார். பக்கத்து மேசையில் ஒரு தாயார், தங்க நிற மையினால் ஒரு மாதுளம்பழம் வரைந்துகொண்டிருப்பார். இந்தக் காரியத்தை ஓர் அச்சகத்தாரிடம் ஒப்படைத்திருந்தால் அட்டைகள் இன்னும் அழகாகவே அமைந்திருக்கும். ஆனால் அந்த அழகுக்காக இந்த உழைப்பைக் கைவிடாதிருப்பதிலேதான் அப்பள்ளியின் விவேகம் விளங்குகிறது.

விழாவன்று வெள்ளைச் சட்டையும் தலையிலே காகித மகுடமுமாகப் பிள்ளைகள் மேடையேறுகிறார்கள். தாத்தாமாரும் பாட்டிமாரும் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி அழைக்கப்பட, அப்பிள்ளை வந்து, புத்தகத்தை இரு கைகளாலும் வாங்கி, முத்தமிட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்புகிறது. கடைசிப் பிள்ளையும் வாங்கிய பிறகு, எல்லாரும் ஒரே நேரத்தில், நாம் கடைசிப் பக்கம் என்று கருதும் வலது புறத்திலிருந்து புத்தகத்தைத் திறந்து, ஒரே குரலாகப் படிக்கிறார்கள். தட்டுத் தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்கும் அதே புத்தகம், தண்ணீர்பட்ட பாடாக ஒப்பிக்கும் பிள்ளைக்கும் அதே புத்தகம். முதல்வன் இவன், இரண்டாமவன் அவன் என்ற பேச்சே அங்கு எழுவதில்லை.

அடுத்த ஆண்டிலே, இரண்டாம் வகுப்பில், மோசேயின் ஐந்து ஆகமங்கள் அடங்கிய ஹுமாஷ் என்னும் நூலைப் பெறும் விழா. கிழக்கு ஐரோப்பாவின் பழைய ஊர்களில் ஐந்து வயதுச் சிறுவனை ஒரு மேசைமேல் நிறுத்தி, சற்றே மூத்த பிள்ளைகள் அவனைக் கேள்வி கேட்க, அவன் பதில் சொல்ல, உறவினர் அவன்மீது கொட்டைகளையும் இனிப்புகளையும் சொரிந்ததாகக் கேள்விப்படுகிறோம். அக்காலத்தில் பலி முறைகளைச் சொல்லும் லேவியராகமமே பாலபாடம். மாசற்ற குழந்தைகள் மாசு நீக்கும் விதிகளிலிருந்து தொடங்கட்டும் என்பது முன்னோர் கூறிய காரணம். இன்று பல பள்ளிகள் ஆபிரகாம் தன் தேசத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படும் இடத்திலிருந்து தொடங்குகின்றன. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பயணக் கதை எளிதில் பிடிபடும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

வளர்ந்த மாணாக்கருக்குரியது சியூம் என்னும் பூர்த்தி விழா. தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னாவின் அறுபத்துமூன்று பகுதிகளுள் ஒன்றையோ, தல்மூத்தின் ஒரு பகுதியையோ ஒரு வகுப்பு முழுவதும் மாதக்கணக்கில் கற்று வந்து, கடைசிச் சில வரிகளை மட்டும் வேண்டுமென்றே படிக்காமல் நிறுத்தி வைக்கிறது. விழா நாளில், பெற்றோரும் மற்ற வகுப்பினரும் கூடியிருக்க, அவ்வரிகள் படித்து விளக்கப்படுகின்றன. பின்பு ஹத்ரான் என்ற வாசகத்தை ஓதுகிறார்கள். அதிலே, முடித்த நூலையே உயிருள்ள ஒருவரைப்போல் முன்னிலைப்படுத்தி, மீண்டும் அதனிடம் வருவதாகவும், ஒருவரையொருவர் மறவாதிருக்க வேண்டுமென்றும் உறுதி கூறுகிறார்கள். ராவ் பப்பா என்ற பண்டைய அறிஞருடைய பத்துப் புதல்வர்களின் பெயர்களும் அதில் வரிசையாக வருகின்றன. பதின்மூன்று வயதுப் பையன் அப்பத்துப் பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முயன்று மூச்சு வாங்குவதைச் சபையோர் அன்போடு கேட்டு மகிழ்கிறார்கள். அதன் பின்னர், விருந்துக்கு முன்பாகவே, அடுத்த நூலின் முதல் வரிகளைத் தொடங்கிவிடுவதும் உண்டு. நம் சிவாலயங்களில் திருவாசக முற்றோதல் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பூர்த்தியின் சுவை அந்நியமாகத் தோன்றாது.

இவ்விருந்துக்குப் பிரமாணமாக அவர்கள் காட்டுவது, பாபிலோனியாவில் வாழ்ந்த அபாயே என்ற ஆசிரியரின் கூற்று. இளம் மாணாக்கன் ஒருவன் ஒரு நூலைக் கற்று முடித்ததைக் கண்டபோதெல்லாம் அறிஞர்களுக்கு விருந்து செய்ததை, அவர் தமக்கு நற்பேறு தரத்தக்க செயலாகச் சொல்லிக்கொண்டார். முடித்தவன் மாணாக்கன்; விருந்திட்டவர் ஆசிரியர். இதனை நான் பெரிதும் போற்றுகிறேன். பிறன் கற்றதற்குத் தான் மகிழ்வது என்பதை ஒரு சமூகம் சடங்காகவே ஆக்கி, அதற்குச் சட்டத்தின் வலிமையையும் அளித்திருக்கிறது. பஸ்காவுக்கு முந்திய நாளில் உபவாசம் இருக்கவேண்டிய தலைச்சன் பிள்ளைகள், ஒரு பூர்த்தி விழாவில் கலந்துகொண்டால் உபவாசத்தினின்று விடுபட்டு உண்ணலாம் என்ற அளவுக்கு அதன் மதிப்பு உயர்ந்திருக்கிறது. 1923ஆம் ஆண்டில் வியன்னா மாநாட்டிலே ரபி மேயிர் ஷப்பிரோ தொடங்கிவைத்தபடி, நாளொன்றுக்கு ஓர் ஏடாகத் தல்மூத்தின் 2,711 ஏடுகளையும் ஏழரை ஆண்டுகளில் படித்து முடிப்பவர்கள், 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நியூஜெர்சியின் விளையாட்டரங்கம் ஒன்றில் ஏறத்தாழ தொண்ணூறாயிரம் பேராகக் குளிரையும் பொருட்படுத்தாது கூடினார்கள். பள்ளியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நடத்தும் சிறு விழாவின் பெருவடிவமே அது.

ஆயினும் இவ்விழாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமுண்டு என்று சொல்வதற்கில்லை. வைதிகப் பள்ளிகள் பலவற்றில் தல்மூத் ஆண்பிள்ளைகளுக்கே உரியதாக இருந்துவருகிறது. பெண்பிள்ளைகள் வேதத்தையும் நீதிநூல்களையும் ஆழமாகக் கற்றும், இந்தப் பெரும் கடலின் கரையிலேயே நிறுத்தப்படுகிறார்கள். கிராக்கோவ் நகரத்தில் தையல் வேலை செய்துவந்த சாரா ஷெனிரர் என்ற அம்மையார் 1917இல் பெண்களுக்கென்று பள்ளி தொடங்கியபோது, பெண்ணுக்கு முறையான வேதக்கல்வி எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1937இல் பாஸ்டன் நகரில் ரபி ஜோசப் சொலவைச்சிக் மைமோனிடிஸ் பள்ளியை நிறுவி, ஆணும் பெண்ணும் தல்மூத் கற்கலாம் என்று செயலிலேயே காட்டினார். வைதிக ஒழுக்கத்திலும் பாண்டித்தியத்திலும் அவரைக் குறை சொல்ல எவராலும் முடியாது. அவர் வழிகாட்டி இத்தனை காலம் சென்ற பின்னும், சகோதரன் நூல் முடித்த விருந்துக்குப் பலகாரம் செய்து கொடுப்பதோடு சகோதரியின் பங்கு முடிந்துபோகும் பள்ளிகள் தங்கள் முடிவை மறுபரிசீலனை செய்யவேண்டும்.

ஆண்டிறுதியில் வகுப்பறைகளைத் துப்புரவு செய்யும்போது நடக்கும் ஒரு காரியமும் விழாவுக்கு ஈடானதே. இறைவனின் திருநாமம் பொறித்த எழுத்தை அழிப்பதும் குப்பையில் எறிவதும் யூத மதத்தில் தகாத செயல்கள். ஆகவே வகுப்பின் மூலையில் ஒரு பெட்டியை வைத்து, பிள்ளைகள் தங்கள் மேசைகளைக் காலி செய்யும்போது தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும்படி சொல்லுகிறார்கள். கூட்டல் கழித்தல் கணக்குத் தாள் குப்பைக் கூடைக்கு. வேத வசனம் அச்சிட்ட தாளும், முதுகு கிழிந்த பிரார்த்தனைப் புத்தகமும் பெட்டிக்கு. பெட்டி நிறைந்ததும் அவை கல்லறைத் தோட்டத்தில் மண்ணுக்குள் அடக்கம் செய்யப்படும். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, ஓரத்தில் பூவும் பூனையும் கிறுக்கிய ஒரு பாடத்தாளை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் தயங்கி நிற்க, உபாத்தியாயினி அதை வாங்கி மேலிருந்து கீழாகப் படித்துப் பார்த்துப் பெட்டியில் இடுவது, நூலை மதிப்பது எங்ஙனம் என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வதைக் காட்டிலும் நெஞ்சில் பதிவது.

இவ்வழக்கம் உலகுக்குத் தந்த செல்வம் அளவிடற்கரியது. பழைய கெய்ரோவிலுள்ள பென் எஸ்ரா ஜெபாலயத்தின் அறையொன்றில் நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்ந்து கிடந்த கிழிந்த ஏடுகளை சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் 1896-97இல் கண்டு, ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். மங்களூரில் வாழ்ந்து வாணிபம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கடிதங்கள் நமக்குக் கிடைத்ததும் அந்தக் குவியலிலிருந்தே. பேரறிஞர்களின் கையெழுத்துப் பிரதிகளோடு கூடவே, குழந்தைகள் எழுத்துப் பழகிய, வண்ணம் தீட்டிய அரிச்சுவடிகளும் அதில் அகப்பட்டன. அமெரிக்காவில் இன்று யூதப் பகற்பள்ளிகள் பலவற்றுக்கு ஷெக்டரின் பெயரையே இட்டிருக்கிறார்கள். மூலையிலுள்ள பெட்டியில் தாளை இடும் பிள்ளைக்கு அவர் கதையையும் ஆசிரியர்கள் சொல்லவேண்டும் என்பது என் விருப்பம்.

இனிப் புதிய விழாவுக்கு வருவோம். எட்டாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்தவர்களுக்கு நீண்ட அங்கியும் சதுரத் தொப்பியும் அணிவித்து, பிரமுகர் ஒருவரைப் பேசச் செய்து, பதக்கமும் பரிசும் வழங்கி அனுப்பும் பட்டமளிப்பு வைபவம் அமெரிக்கப் பொதுப் பழக்கம். அதை யூதப் பள்ளிகளும் மேற்கொண்டதில் தவறில்லை. ஆனால் அது வரவர வளர்ந்து, நான்கு வயதுப் பாலர் வகுப்புக் குழந்தைக்கும் அங்கியும் தொப்பியும் என்ற அளவுக்கு வந்துவிட்டதும், கணிதத்தில் முதல்வன், எபிரேயத்தில் முதல்வன், ஒழுக்கத்தில் முதல்வன் என்று பெயர்கள் வாசிக்கப்படும் அந்த ஒரு மணி நேரத்திலே பெயர் வாசிக்கப்படாத பிள்ளைகள் கைதட்டுவதையே கடமையாகக் கொண்டு உட்கார்ந்திருப்பதும் எனக்கு உடன்பாடானவையல்ல. பூர்த்தி விழாவில் நூல் முன்னே நிற்கிறது, பிள்ளைகள் எல்லாரும் அதைச் சூழ்ந்து நிற்கிறார்கள். பரிசளிப்பிலே சிலர் முன்னே நிற்க, நூல் எங்கோ மறைந்துவிடுகிறது. ஒழுக்கத்துக்குப் பரிசு கொடுப்பதைக் கேட்டால், உடன் பயின்றவனை மதியாமையால் மாண்ட மாணாக்கருக்காக அழுத அகீவா என்ன நினைப்பார் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

விழா எதுவாயினும் அதற்குப் பிள்ளைகள் வேண்டும். நம் இந்தியாவிலும் யூதப் பள்ளிகள் இருக்கின்றன. பம்பாயில் 1875ஆம் ஆண்டிலே பெனே இஸ்ரேல் சமூகத்தார் தொடங்கிய பள்ளி, பின்னர் கொடையாளர் எல்லி கடூரியின் பெயரைத் தாங்கி இன்றும் நடைபெறுகிறது. கல்கத்தாவில் 1881இல் தோன்றிய யூதப் பெண்கள் பள்ளியும் நடைபெறுகிறது. 1948க்குப் பிறகு யூதக் குடும்பங்கள் இஸ்ரேலுக்கும் பிற நாடுகளுக்கும் குடிபெயர்ந்துவிட, கல்கத்தாப் பள்ளியில் இன்று பயிலும் மாணவியருள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமிகள். அவர்களுக்கு நல்ல கல்வி அளித்துவரும் அப்பள்ளியை நான் மனமார வாழ்த்துகிறேன்; எபிரேயப் பிரார்த்தனைப் புத்தகத்தைக் கைநீட்டி வாங்க அங்கே பிள்ளைகள் இல்லாமற் போனதற்கு எவரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

அமெரிக்காவின் நிலைமை அப்படிப்பட்டதன்று. பள்ளி இருக்கிறது, அதே தெருவில் பிள்ளைகளும் இருக்கிறார்கள், நடுவிலே கட்டணம் நிற்கிறது. பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் என்பது பல நகரங்களில் சாதாரணமாகிவிட்டது. உயர்நிலைப் பள்ளிகளில் அதற்கும் வெகுவாக மேலே செல்கிறது. நான்கு பிள்ளைகள் உள்ள ஓர் ஆசிரியரோ குமாஸ்தாவோ இதை எங்கிருந்து கொடுப்பார்? சலுகை வேண்டுவோருக்குப் பள்ளிகள் உதவித்தொகை அளிக்கவே செய்கின்றன. ஆனால் அதற்காகக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு முழுவதையும் ஒரு குழுவினர் முன் விரித்து வைக்கவேண்டியிருப்பதால், மானத்துக்கு அஞ்சியே அந்தப் பக்கம் திரும்பாத பெற்றோர் அநேகர். செலவை ஈடுகட்டப் பள்ளிகள் ஆண்டுதோறும் பெருவிருந்து நடத்தி, கொடையாளர்களுக்கு மாலை மரியாதை செய்து பொருள் திரட்டுகின்றன. அதுவும் ஒரு விழாவாகிவிட்டது.

எருசலேம் ஆலயம் அழிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பிரதான ஆசாரியராக இருந்த யோசுவா பென் கம்லாவின் வரலாற்றை அப்பள்ளிகள் தங்கள் மாணாக்கருக்குத் தல்மூத்திலிருந்தே கற்பிக்கின்றன. முதலில் தகப்பனே மகனுக்குக் கற்பித்து வந்ததால் தகப்பனில்லாத பிள்ளை கல்லாதவனாகவே நின்றான்; எருசலேமில் ஆசிரியர்களை வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் அழைத்துப்போகத் தகப்பன் இருந்தவனே போனான்; மாகாணந்தோறும் பதினாறு, பதினேழு வயதினரைச் சேர்த்துப் பார்த்தார்கள், ஆசிரியர் கோபித்துக்கொண்டால் அவர்கள் எதிர்த்துக்கொண்டு வெளியேறினார்கள்; கடைசியில் யோசுவா, ஊர்தோறும் ஆசிரியர்களை நியமித்து ஆறு, ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்கச் செய்தார். ஆசிரியர் ஒருவருக்கு இருபத்தைந்து பிள்ளைகள், நாற்பதானால் ஓர் உதவியாளர், அந்தச் செலவு ஊரைச் சேர்ந்தது என்ற விதியும் அதே இடத்தில் காணப்படுகிறது. எவனுக்குக் கைப்பிடித்து அழைத்துவர ஆளில்லையோ அவனுக்காகவே எழுந்த ஏற்பாடு இது.

இந்த ஜூனில் மண்டப வாடகைக்கும், அங்கி தொப்பிக்கும், புகைப்படக்காரருக்கும், பெருவிருந்துக்கும் பள்ளி நிர்வாகிகள் ஒதுக்கும் தொகையைச் சரிபாதியாகக் குறைத்து, மிஞ்சுவதை அடுத்த செப்டம்பரில் முதல் வகுப்பில் சேரவேண்டிய எளிய குடும்பத்துப் பிள்ளைகளின் பெயரில், யாருடைய கணக்குப் புத்தகத்தையும் கேட்காமல் வரவு வைக்கட்டும். அது போதாதெனில், பூர்த்தி விழாவுக்கு வந்து மகிழும் சுற்றத்தாரிடம், அபாயே செய்ததுபோல் பிறர் பிள்ளை கற்பதற்காகக் கொடுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்கட்டும்.